தள்ளி நிற்கும் புள்ளி

அத்தியாயம் 11

படகுத்துறையில் அந்த நாய் செய்த காரியம் கேக்கம்மாவுக்கு இன்னும் ஜீரணமாகவில்லை.

நேற்று மாலை படகை விட்டு இறங்கிய ஒன்பது பேரில் எட்டுப் பேரைப் பார்த்துத் தொண்டை கிழியக் குரைத்த நாய், கடைசியாக இறங்கிய அவள் புருஷனைக் கண்டதும் வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்து, கையை நக்கி, காலடியில் மல்லாந்து படுத்துக்கொண்டது. இந்தத் தீவை வரைபடத்தில்கூடப் பார்த்ததில்லை என்று சொன்ன மனிதர் அவர்.

"பையில பிஸ்கட் இருக்குல்ல, அந்த வாசனை" என்றார் புருஷன்.

பிஸ்கட் கேக்கம்மாவின் பையில் இருந்தது.

சரி, நாய்க்கு என்ன தோன்றியதோ என்று விட்டுவிடலாம். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் முறையாகக் கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு வந்திருக்கிறாள். தெருமுனையில் அவள் கேக் கடை இல்லாத நாளை அந்தத் தெரு பார்த்ததே இல்லை. அதனால்தான் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட ஒருத்தரும் இல்லாமல், பள்ளிக்கூடப் பிள்ளையிலிருந்து பல் டாக்டர் வரை எல்லாருக்கும் அவள் கேக்கம்மா ஆகிப்போனாள். புருஷன் ஜெனரேட்டர் மெக்கானிக், ஊருக்கு மிஷின்காரர். துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களெல்லாம் அவர் கைபட்டுத்தான் கிளம்பும். அவரும் லீவு என்று ஒன்றைக் கண்டதில்லை. வருஷத்துக்கு ஒருமுறை பத்து நாள் வெளியூர் சர்வீஸ், அவ்வளவுதான்.

"அடுத்த மாசம் எனக்குப் பதினெட்டு. அதை ஒரு நல்ல இடத்துல கொண்டாடினா என்னவாம்?" என்று ஆரம்பித்தது மகள் சிட்டுதான். தீவு, பண்ணை, போன் எடுக்காத இடம், அஞ்சு நாள் என்று அவளே எங்கேயோ படித்துவிட்டு வந்து சொன்னாள். மிஷின்காரர் உடனே தலையை ஆட்டினார். ஒரு சட்டை வாங்கவே ஒரு மாசம் யோசிக்கிற ஆள், அவ்வளவு வேகமாகத் தலையாட்டியபோதே கேக்கம்மா கொஞ்சம் நிமிர்ந்து பார்த்திருக்க வேண்டும். அவளோ, "அஞ்சு நாளைக்கு எதுக்குடி ரெண்டு பெரிய பெட்டி? கல்யாணம் பண்ணி அனுப்புற மாதிரி இருக்கு" என்று மகளைக் கேலி செய்துகொண்டிருந்தாள்.

இனி படகு சனிக்கிழமைதான்.

பண்ணையில் ஒரு சட்டம். தங்க வந்தவர்களும் மத்தியானம் வரை வேலை செய்ய வேண்டும். சமையல் கட்டுச் சுவரில் ஒரு சிலேட்டு தொங்கும். அதில் யார் யாருக்கு என்ன வேலை என்று எழுதியிருக்கும். காலைத் தேநீரோடு மூன்று பேரும் அதன் முன்னால் நின்றார்கள்.

"காசு குடுத்து வேலை செய்ய வந்த ஒரே குடும்பம் நாமதாம்மா" என்றாள் சிட்டு. "எனக்கு என்ன? வெனிலாத் தோட்டம், பூவுக்கு மகரந்தம் சேக்கிறது. உனக்கு?"

"கொட்டகை. காய் தரம் பிரிக்கிறது."

"அப்பாவுக்கு ஜெனரேட்டர். பாத்தியா, இங்கயும் விடலை."

மிஷின்காரர் சிரிக்கவில்லை. தேநீரை நின்ற இடத்திலேயே குடித்து முடித்துவிட்டு, வழி கேட்காமல் ஜெனரேட்டர் கொட்டகைப் பக்கம் நடந்தார். வழி கேட்காததைக் கேக்கம்மா கவனித்தாள்.

பண்ணைக்காரி வந்து சிட்டுவைக் கூட்டிப்போனாள். நாற்பதை எட்டாத வயது. வெயிலில் கறுத்த முகம், முழங்கை வரை மடித்துவிட்ட சட்டை. நேற்று இறங்கியதிலிருந்தே கேக்கம்மாவை "அக்கா, அக்கா" என்று அழைத்தவள், கண்ணைப் பார்த்து மட்டும் பேசவில்லை. கூச்ச சுபாவம் போல என்று நினைத்துக்கொண்டாள் கேக்கம்மா. அவளுக்கு அந்தப் பெண்ணைப் பார்த்ததுமே பிடித்திருந்தது. அதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

கொட்டகையில் வாசனை ஆளைத் தூக்கியது. மரப்பெட்டிகளில் மெழுகுத்தாள் விரித்து, பதமாகிக் கறுத்த வெனிலாக் காய்களை விரல் விரலாக அடுக்கியிருந்தார்கள். அங்கே வேலை செய்கிறவருக்கு ரேடியோ என்று பட்டப்பெயர். காரணம் கேட்கத் தேவையில்லை.

"ரெண்டு நாளா அக்கரையில தங்கச்சி வீட்டுல இருந்தேன். விடியகாலம்தான் ஒரு மீன் படகுல தொத்திக்கிட்டு வந்தேன். நீங்க கேக் கடையாமே? அப்ப உங்களுக்கு நான் என்னத்தச் சொல்லித் தர்றது? நீளம் ஒரு பக்கம், குட்டை ஒரு பக்கம். வெடிச்சது தனியா. இந்த வெயில் இருக்கே, போன வருஷம் இப்படித்தான்..."

கேக்கம்மா காய்களை உருட்டி உருட்டிப் பிரித்தாள். பதினேழு வருஷமாக அவள் கேக்கில் போடுவது இந்த மாதிரிக் காய்தான். சிட்டுவின் பிறந்த நாள் வாக்கில் மிஷின்காரர் ஒரு கட்டு கொண்டு வந்து கொடுப்பார். துறைமுகத்தில் யாரோ வியாபாரி, மலிவாகக் கிடைத்தது என்பார். கடைக்கு வாங்கும் எசன்ஸ் வேறு, இது வேறு. இதை அவள் விற்கிற கேக்கில் போட்டதில்லை. மகளுக்குச் செய்கிற கேக்குக்கு மட்டும்.

மேசை மேல் ஒரு கார்க் துண்டு கிடந்தது. அதில் குண்டூசிகளை முனை வெளியே தெரியும்படி செருகியிருந்தார்கள்.

"இது என்னங்க?"

"அதுவா? திருட்டுப் பயம்மா. காய் பச்சையா கொடியில தொங்குறப்பவே இதால ஒரு குத்து. காஞ்சு கறுத்தாலும் தழும்பு மறையாது. எவன் திருடிட்டுப் போய் வித்தாலும் யார் காய்னு தெரிஞ்சுடும். ஆளுக்கு ஒரு அடையாளம். இந்தா, குறுக்கா நாலு, இது என்னோடது. அந்தக் கார்க் முதலாளியம்மாவோடது."

கேக்கம்மா கார்க்கைத் திருப்பினாள். வரிசையாக மூன்று ஊசி. கொஞ்சம் தள்ளி, தனியாக ஒன்று.

அவள் கட்டைவிரல் அதைக் கண்ணுக்கு முன்பே புரிந்துகொண்டது. மூன்று, அப்புறம் ஒன்று. எத்தனை வருஷம் அந்த விரலுக்கு அடியில் உருண்ட புள்ளிகள். முதல் வருஷமே புருஷனிடம் கேட்டாள், இது என்ன தழும்பு என்று. பூச்சி கடித்தது என்றார். "உங்க பூச்சி ரொம்ப ஒழுக்கமான பூச்சிங்க, வரிசையில நின்னு கடிக்குது" என்று அவள் சொன்னதும் அவர் சிரித்ததும் அப்படியே நினைவுக்கு வந்தது.

"முதலாளியம்மா காய் எங்க விக்கிது?" குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அதை விக்கவே மாட்டாங்களே. பன்னிரண்டு கொடி தனியா வச்சிருக்காங்க, வேற யாரும் தொடக்கூடாது. வருஷத்துக்கு ஒரு கட்டு யாருக்கோ போகும். யாருக்குன்னு எனக்குத் தெரியாது. கொண்டுபோறவரே இன்னிக்கு வந்திருக்காரே, அவரையே கேளுங்களேன்" என்று ரேடியோ ஜெனரேட்டர் கொட்டகைப் பக்கம் கையைக் காட்டினார். "தங்கமான மனுஷன். வருஷா வருஷம் வந்து பத்து நாள் தங்கி எல்லா மிஷினையும் சரி பண்ணிட்டுப் போவார். இந்த நாய் இருக்கே, குட்டியா இருந்ததுலேர்ந்து அவர் காலையே சுத்தும்."

கேக்கம்மா பெட்டியிலிருந்து ஒரு காயை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

மிஷின்காரர் எண்ணெய்க் கையோடு குனிந்திருந்தார். அவள் அந்தக் காயை அவருடைய ஸ்பேனர்களுக்கு நடுவில் வைத்தாள்.

"இந்தப் பூச்சி யாருங்க?"

அவர் காயைப் பார்த்தார். ஜெனரேட்டரை நிறுத்தினார். அந்தச் சத்தம் ஓய்ந்த பிறகு வந்த அமைதியில் கோழி கொக்கரிப்பது பக்கத்தில் கேட்டது.

"உக்காரு."

"நிக்கிறேன். எத்தனை வருஷமா நடக்குது? உங்களுக்கும் அவளுக்கும்?"

"சே, அதெல்லாம் இல்லம்மா. நீ நினைக்கிற மாதிரி ஒண்ணும் இல்ல." துணியில் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார். "அவ சிட்டுவைப் பெத்தவ."

அவள் நினைத்தது மாதிரியே இருந்திருந்தால் தேவலை என்று அந்த நிமிஷம் கேக்கம்மாவுக்குத் தோன்றியது. அதற்காவது அழத் தெரியும், கத்தத் தெரியும்.

"செத்துட்டான்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"பிள்ளையை என் மடியில வச்சப்ப சொன்னீங்க. ராத்திரியே போயிட்டா, மண்ணுல வச்சுட்டுத்தான் வர்றேன்னு சொன்னீங்க."

"வேற என்ன சொல்லச் சொல்றே? அதுக்கு முன்னாடி ஒரு பையனை எடுத்து வளர்த்தோமே, மூணு மாசம். பெத்தவ வந்து வாங்கிட்டுப் போனப்புறம் நீ இருந்த இருப்பு உனக்கு ஞாபகம் இருக்கா? தாய் உசுரோட இருக்கிற பிள்ளை இனிமே என் வாசப்படி ஏறக்கூடாதுன்னு நீதான் சொன்னே. இவளுக்கு அப்ப இருபது வயசு. புருஷன் கடல்ல போயிட்டான். பிள்ளைக்குப் பால் வாங்க வழியில்ல. நான் அப்ப இங்க மிஷின் மாட்ட வந்திருந்தேன். அவதான் காலைப் பிடிச்சுக் கேட்டா, எங்கயாவது நல்ல இடத்துல குடுத்துடுங்க சார்னு. நான் என்ன பண்ணியிருக்கணும்?"

"என்கிட்ட சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருந்தா நீ வாங்கியிருப்பியா?"

வாங்கியிருக்க மாட்டாள். அது அவருக்கும் தெரியும் என்பதே இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

"சரி. அன்னிக்குச் சொல்லலை. அதுக்கப்புறம்?" என்றாள். "ஒவ்வொரு பிறந்த நாளும் கேக்கை வெட்டி முதல் துண்டை நீல விளிம்புச் சாசர்ல எடுத்து வைப்பேன். உன்னைப் பெத்தவளுக்குடி, அவ இல்லாட்டி நீ ஏதுடின்னு சொல்லிச் சொல்லித்தான் அவளை வளர்த்தேன். இல்லாதவளுக்குன்னு தள்ளி வச்சேன். நீ பக்கத்துல நின்னு பார்த்துட்டுத்தானே இருந்தே? அவ பறிச்சுக் குடுத்த காயையே அந்தக் கேக்குல போட வச்சுட்டு, நீ பார்த்துட்டுத்தானே நின்னே?"

இருபத்திரண்டு வருஷத்தில் அவள் அவரை 'நீ' என்றது இதுதான் முதல் தடவை. இருவருமே அதைக் கேட்டார்கள்.

"சிட்டுவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. என் தலைமேல அடிச்சுச் சொல்றேன். இந்த இடத்தை அவளே வாய்விட்டுச் சொன்னப்ப எனக்கு உடம்பு சிலிர்த்துப்போச்சு. விதியே பார்த்துக் கூட்டிட்டுப் போகுதுன்னு நினைச்சேன். நாளன்னிக்கு மூணு பேரும் சேர்ந்து அவகிட்ட..."

"மூணு பேரா?"

"நீ, நான், அவ."

"அந்த மூணுல நான் எத்தனாவது ஆளு?"

மிஷின்காரர் ஸ்பேனரைக் கையில் எடுத்தார், வைத்தார்.

"நான் சொல்லிக்கிறேன்" என்றாள் கேக்கம்மா. "பெத்தவ செத்துட்டான்னு அவகிட்ட சொன்னது என் வாய். உசுரோட இருக்கான்னும் என் வாய்தான் சொல்லணும். இன்னிக்கே சொல்றேன். அதுவரைக்கும் நீயோ அவளோ மூச்சு விட்டீங்கன்னா, அப்புறம் நடக்கிறது வேற."

திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். மற்ற எல்லாவற்றையும் அவர்கள் எடுத்துக்கொண்டாயிற்று. இந்த ஒன்றாவது அவளுக்கென்று மிச்சம் இருக்கிறது. மகளை உட்கார வைத்து, கையைப் பிடித்துக்கொண்டு, இதைச் சொல்கிற உரிமை. அதை எவருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

வெனிலாக் கொடிகள் ஆள் உயரக் கம்பங்களில் சுற்றிக் கிடந்தன. வெனிலாப் பூ ஒரே ஒரு காலை நேரம்தான் விரிந்திருக்கும். வண்டு தேடி வராத ஊரில் மனுஷக் கைதான் அதற்கு வண்டு. பூவுக்குள் இருக்கும் மெல்லிய மடிப்பை ஒரு குச்சியால் தூக்கி, மகரந்தத்தை விரலால் அழுத்திவிட வேண்டும். உச்சி வெயிலுக்குள் முடிக்காவிட்டால் பூ வாடி விழுந்துவிடும்.

இரண்டு தலைகள் ஒரே பூவின் மேல் குனிந்திருந்தன.

"அப்படி அழுத்தக் கூடாது. மெதுவா. ம், அவ்வளவுதான்" என்றாள் பண்ணைக்காரி.

"கேக்குல ஐசிங் பூ வைக்கிற மாதிரியே இருக்கு" என்று சிரித்தாள் சிட்டு.

சிட்டு குச்சியைப் பிடித்திருந்தது இடது கையில். பக்கத்துக் கொடியில் பண்ணைக்காரியும் இடது கையால்தான் குச்சியைப் பிடித்திருந்தாள். இந்தப் பிள்ளைக்கு இந்தக் கை எங்கிருந்து வந்தது என்று எத்தனையோ முறை அதிசயப்பட்டிருக்கிறாள் கேக்கம்மா. இப்போது பார்த்துவிட்டாள்.

"சிட்டு, இங்க வா. உன்கிட்ட பேசணும்."

"இதோ வந்துட்டேம்மா. கேக்குக்கு முட்டை பொறுக்கிட்டு வரச் சொன்னாங்க. கோழி முட்டையை ஒளிச்சு வைக்குமாம், நாமதான் கண்டுபிடிக்கணுமாம். அஞ்சே நிமிஷம்." கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடியே போய்விட்டாள்.

பண்ணைக்காரி கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தாள். முதல் முறையாக முகத்தை நிமிர்த்திப் பார்த்தாள்.

"அக்கா, ஒண்ணு காட்டணும். பிறந்த நாள் வரைக்கும் வாயைத் திறக்காதேன்னு சார் சொல்லியிருக்கார். ஆனா உங்ககிட்ட எனக்கு என்ன ஒளிவு மறைவு? வாங்கக்கா, ஒரு நிமிஷம்."

பேச்சைத் தொடங்கவிட்டுக் கறாராக நிறுத்திவிடலாம் என்று கேக்கம்மா பின்னாலேயே போனாள்.

வீட்டின் பின்கட்டில் ஒரு அறை. புதுச் சுண்ணாம்பு வாசனை. இரண்டு ஜன்னல், ஒரு கட்டில், இடுப்பு உயரத்தில் ஒரு நீள மேசை. ஜன்னல்களில் மஞ்சள் திரை.

"மேசை உயரம் சரியா இருக்காக்கா? நின்னுட்டே ஐசிங் போட்டா முதுகு வலிக்கும்னு எழுதியிருந்தீங்க. மஞ்சள் அவளுக்குப் பிடிக்கும்னு எழுதினதும் உடனே அக்கரைக்குப் போய் வாங்கிட்டு வந்துட்டேன்."

"யார் எழுதினா?"

"நீங்கதான்க்கா." பண்ணைக்காரி அதைக் கேள்வியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அலமாரியிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து மடியில் வைத்துத் திறந்தாள். "பதினேழும் பத்திரமா இருக்கு. மழையில நனையாம இருக்கணும்னு மெழுகுத்தாள் சுத்தி வச்சிருக்கேன். வேற யாரா இருந்தாலும், பெத்தவ ஒருத்தி இருக்கான்னு நினைக்கவே பிடிக்காது. நீங்க என்னைத் தங்கச்சின்னு எழுதினீங்க. அந்த ஒரு சொல்லுக்குத்தான் வருஷா வருஷம் அந்தக் காயைக் குடுத்து விட்டேன். உங்களுக்குத் தர என்கிட்ட வேற என்ன இருக்கு?"

கேக்கம்மா கட்டிலில் உட்கார்ந்தாள். டப்பாவின் அடியிலிருந்து ஒன்றை எடுத்தாள்.

முதல் கடிதம். பொடிப்பொடியாகச் சதுர எழுத்து. புருஷன் ஸ்பேர் பார்ட்ஸ் பட்டியல் எழுதுகிற அதே எழுத்து. *அன்புத் தங்கச்சிக்கு, உன் அக்கா எழுதுவது. சிட்டுவுக்குக் கீழே ரெண்டு பல் வந்துவிட்டது. காய்ச்சலில் மூணு நாள் என் மடியை விட்டு இறங்கவே இல்லை. பால் கிண்ணத்தைத் தட்டிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.*

அவள் சொன்னதுதான். வேலை முடிந்து வந்த புருஷனுக்குச் சோறு போட்டபடி அவள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும், அவளே எழுதியதுபோல. அவளுக்குத் தெரியாமல் அவளை இவ்வளவு நல்லவளாக்கி வைத்திருக்கிறார். பெத்தவளிடம் தான் இப்படிப் பேசியிருப்போமா என்று யோசித்தபோது, பேசியிருக்க மாட்டோம் என்பதும் தெரிந்தது. அது இன்னொரு குத்து.

"கடைசியா எழுதினது மேலயே இருக்கு பாருங்க. மத்ததெல்லாம் சார் கையில குடுத்து விட்டது. இது மட்டும் தபால்ல வந்துச்சு. சார்கிட்டகூடக் காட்ட வேணாம்னு எழுதியிருந்தீங்களேன்னு காட்டலை."

கேக்கம்மா அதை எடுத்தாள்.

*அன்புத் தங்கச்சிக்கு. இந்தப் பிறந்த நாளுக்கு அவளை உன்னிடம் கூட்டி வருகிறேன். ஒரு வருஷம் அவள் உன்னோடேயே இருக்கட்டும். எனக்கு இதில் பூரண சம்மதம். அவளுக்கு ஒரு மேசை மட்டும் போட்டு வை.*

இது சதுர எழுத்து இல்லை. ஒவ்வொரு வரியும் இடது ஓரத்தில் தொடங்கி, மாடிப்படி ஏறுவதுபோல மேலே மேலே போயிருந்தது. எழுதிய கை, எழுதியதன் மேலேயே நகர்ந்ததில் மை லேசாக இழுபட்டிருந்தது. மூன்று வருஷமாக அவள் கடையிலிருந்து போகிற ஒவ்வொரு கேக் பெட்டியின் மேலும் இந்த எழுத்துதான் வாழ்த்துச் சொல்கிறது. பல் டாக்டர் கேலி செய்வார், "கேக்கம்மா, உங்க பெட்டியைச் சாய்ச்சுப் பிடிச்சாத்தான் படிக்க முடியுது."

இரண்டு பெரிய பெட்டி.

போன வருஷப் பிறந்த நாளும் இப்போதுதான் புரிந்தது. அதற்கு முன்பே அப்பா பையிலிருந்த ஒரு கடிதம் சிட்டுவின் கண்ணில் பட்டிருக்க வேண்டும். கேக்கை வெட்டி முதல் துண்டை எடுத்து வைக்கப் போனபோது, சிட்டு அவள் கையைப் பிடித்துத் தடுத்தாள். "இனிமே வேணாம்மா, அதை நீயே சாப்பிடு." பெண் பெரியவளாகிவிட்டாள், பழையதை மறந்து தேறிவிட்டாள் என்று அன்றைக்கு அவள் சந்தோஷப்பட்டாள். அந்தத் துண்டைச் சாப்பிட்டும் முடித்தாள்.

புருஷன் செய்தது ஒரு வலி. அதற்குப் பேர் சொல்ல முடிந்தது. இது எங்கே வலிக்கிறது என்றே தெரியவில்லை.

"ஏன்க்கா ஒரு மாதிரி ஆயிட்டீங்க?" பண்ணைக்காரியின் குரல் மாறியது. டப்பாவின் மூடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "ஏதும் தப்பா பேசிட்டேனா? இது... இது நீங்க எழுதினதுதானே?"

வாசலில் நிழல் விழுந்தது.

முட்டைக் கூடையோடு சிட்டு நின்றிருந்தாள். அம்மாவின் கையில் இருக்கும் தாளைப் பார்த்தாள். அவள் முகத்திலிருந்து இரத்தம் இறங்குவது அங்கிருந்தே தெரிந்தது.

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எதிரே இருப்பவளின் பதினேழு வருஷம் அந்த டப்பாவோடு குப்பைக்குப் போகும். வாசலில் நிற்பவள் திருடியாகி நிற்பாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னாலோ, தன் மகளைத் தன் வாயாலேயே கொடுத்ததாகிவிடும்.

கேக்கம்மா தாளை மடித்தாள். வாசலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எனக்கு எந்நேரமும் கையெல்லாம் மாவு. நான் எங்க எழுதுறது?" என்றாள். "நான் சொல்லச் சொல்ல மத்ததெல்லாம் அவர் எழுதினார், இதை இவதான் எழுதினா. இல்லியா சிட்டு?"

கூடையில் முட்டைகள் ஒன்றோடொன்று மோதின.

"ஆ... ஆமாம்மா."

"அன்னிக்கு அடுப்புல கேக் இருந்துச்சு. அவசரத்துல முடிச்சுட்டோம். கடைசியா ஒரு வரி சொல்ல விட்டுப்போச்சு." கேக்கம்மா எழுந்தாள். மடித்த தாளை மறுபடி விரித்து, அந்த நீள மேசை மேல் வைத்து, உள்ளங்கையால் நீவிவிட்டாள். மேசை அவள் மகளின் உயரத்துக்கு அச்சாக இருந்தது.

"கூடையைக் கீழ வை. பேனாவை எடு. இப்ப சொல்றேன், எழுது."